குளோசபைனும் குதிகால் வெடிப்பும்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவரின் குதிகால் வெடிப்பில் உப்புநீர் இறங்கினால் எரியும். கிருமி இறங்கினால் சிவந்து வீங்கும், தொட்டால் சுடும். உடம்பின் காவல்படை வேலைக்கு வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அதே படை மூளைக்குள் தடம் மாறினால் வெளியே எதுவும் சிவக்காது. தூக்கம் போகும், பேச்சு குழறும், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். ஊர் அதைப் பேய் என்று சொல்லிவிடும்.

அப்படிச் சொல்லப்பட்டவர்கள் திருச்சி பக்கம் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினார்கள். ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த விடுதிகளிலும் கிடந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிவதற்குள் அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனோலி என்ற மருத்துவர் தொடங்கிய மனநோயாளிகள் காப்பக மரபு 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பாவம், ஊர்ப்பெயரே வசவாகிப் போனது! 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமையேற்ற சாரதா மேனன்தான் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்றே ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

மனநோயின் வேரை உடம்பில் தேடியது புதுச் சங்கதியல்ல. 1918 விஷக்காய்ச்சலுக்குப் பிறகு பாஸ்டனில் கார்ல் மென்னிங்கர் 100 பேரின் மனக்கோளாறுகளை ஆராய்ந்து எழுதினார். மனச்சிதைவு போலவே தெரிந்த பலர் பின்னாளில் தேறிவிட்டதையும் அவரே பதிவுசெய்தார். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேலானவர்களைக் கொன்ற அதே காய்ச்சல்தான் அது.

2007இல் ஹோசெப் டால்மாவ் குழு கண்ட மூளையழற்சி இன்னும் வியப்பு. நோயாளியின் எதிர்ப்புப் புரதங்களே நரம்பு வாங்கிகளைத் தாக்குகின்றன. பார்வைக்கு அசல் சித்தப்பிரமைதான், ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் பலர் வீடு திரும்புகிறார்கள். மனச்சிதைவு எல்லாமே இப்படி என்று தாவிவிடக் கூடாது. 2016இல் 28,799 நோயாளிகளின் மரபணுத் தரவை அலசியவர்கள் காவல்படையைச் சேர்ந்த சி4 என்ற இன்னொரு புரதத்தில் வந்து நின்றார்கள். கிருமிக்குக் குறிபோடுவது அதன் வேலை. பதின்வயதில் மூளை வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழிக்கும்போது, சி4 மிகுந்தால் வேண்டியதும் கழிந்துவிடலாம் என்பது அவர்கள் கணிப்பு.

காவல்படைக்கும் மனநோய்க்குமான இந்த உறவு மருந்திலும் உண்டு. மற்ற மாத்திரைகளுக்கு மசியாத நோய்க்குக் குளோசபைன் தருகிறார்கள். சிலருக்கு அது அந்தக் காவல்படையின் வெள்ளணுக்களையே அழித்துவிடும். 1975இல் பின்லாந்தில் உயிர்கள் போன பிறகு பல நாடுகள் அதை ஒதுக்கிவைத்தன. பிறகு ஒரு நிபந்தனையோடு திரும்ப வந்தது. மரக்காணத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வருகிறவரானாலும் குளோசபைன் தொடங்கினால் முதல் சில மாதங்களுக்கு வாராவாரம் சட்டைக் கையை மடித்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வார மாத்திரை.