பின்பக்கத் திரை: கையடக்க டிஜிட்டல் கேமராவின் வளர்ச்சி குறித்து

டிஜிட்டல் கேமராவின் வரலாறு பெரும்பாலும் மெகாபிக்சல் கணக்காகவே எழுதப்பட்டுவருகிறது. ஆண்டுக்கு ஆண்டு எண் கூடியது, படம் தெளிந்தது என்று அந்த வரலாறு நேர்கோட்டில் போகும். விளம்பரங்கள் பேசிய மொழி அது. ஆய்வாளரும் அதையே பேச வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் கேமராவைத் தனி இனமாக்கியது அதன் முதுகில் இருந்த சிறு திரை என்பதும், பின்னாளில் அந்த இனத்தின் சந்தையைப் பறித்தது அதைவிடப் பெரிய ஒரு திரை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் மின்னணுச் சில்லை உருவாக்கினர். ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் படமாக்கும் வழியை அது திறந்தது. 1975இல் ரோச்செஸ்டர் நகரில் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன், அத்தகைய சில்லை வைத்து ஏறக்குறைய 3.6 கிலோ எடையுள்ள ஒரு கேமராவைக் கட்டினார். 10,000 பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. பதிந்ததைப் பார்க்கத் தனிக் கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டியிருந்தன. 1981இல் சோனி அறிவித்த மாவிகா வட்டில் பதிந்தது அனலாக் சமிக்ஞையையே என்பதால் அதை டிஜிட்டல் கணக்கில் சேர்ப்பது பிழை. 1994இல் வந்த ஆப்பிள் குவிக்டேக் 100, 640×480 அளவில் எட்டுப் படங்களை வைத்துக்கொண்டது. அவற்றைக் காண அதையும் கணினியோடு இணைத்தாக வேண்டும். பிலிமைக் கழுவும் வேலை போயிற்று, காத்திருப்பு போகவில்லை.

திருப்பம் கேமரா நிறுவனத்திடமிருந்து வரவில்லை. கணிப்பானும் கைக்கடிகாரமும் செய்துவந்த காசியோ, 1987இல் விஎஸ்-101 என்ற மின்னணுப் படக்கருவியை விற்றுப் பார்த்துத் தோற்றிருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு நிறுவனத்துக்குள் கேமராவின் பேரை எடுப்பதே கடினமாயிற்று. ஹிரோயுகி சுவேதாகாவின் குழு விடாமல் 1991 வாக்கில் ஒரு மாதிரியை உருவாக்கியது. அது அளவுக்கு மீறிக் கனத்தது, சூடேறியது. பொறியாளர்களே அந்தக் குறைகளை வைத்து அதற்குப் பெண்பிள்ளைப் பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்தனர். பிறகு கேமரா பொருத்திய சிறு தொலைக்காட்சி என்ற வேடத்தில்தான் திட்டத்துக்கு அனுமதி பெற்றார்கள். கடைசியில் தொலைக்காட்சி கழற்றப்பட்டது, திரை மட்டும் தங்கிவிட்டது. 1995இல் கடைக்கு வந்த கியூவி-10 இப்படித்தான் பிறந்தது.

அதன் விலை 65,000 யென். 2 மெகாபைட் நினைவகத்தில் 320×240 அளவுள்ள 96 படங்கள். அச்சிட்டால் தபால்தலைக்குமேல் தேறாத தரம். ஃப்ளாஷ் கிடையாது. திரையோ நான்கு பென்சில் பேட்டரிகளை விரைவில் குடித்து முடிக்கும். ஆனால் முதுகில் 1.8 அங்குல வண்ணத் திரை இருந்தது. லென்ஸைத் திருப்பி முகத்தையே எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததை அங்கேயே பக்கத்தில் நிற்பவரிடம் காட்டலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆயினும் பின்வந்த கையடக்கக் கேமராக்கள் பின்பற்றியது இதன் உடலமைப்பைத்தான். 2012இல் ஜப்பானின் தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம் இதை முக்கியத் தொழில்நுட்பச் சான்றுப் பொருளாகப் பதிவுசெய்தது.

அடுத்த பத்தாண்டு உடலை மெலியவைப்பதில் கழிந்தது. 2000இல் கேனானின் முதல் டிஜிட்டல் இக்சஸ் 2 மெகாபிக்சலைச் சின்ன உலோகப் பெட்டிக்குள் வைத்தது. 2002இல் மினோல்டா டிமாஜ் எக்ஸ், ஒளிப்பாதையை உடலுக்குள் செங்கோணமாக மடக்கியதால் ஜூம் லென்ஸ் வெளியே நீளவே தேவையில்லாமல் போயிற்று. அதே ஆண்டு காசியோ எக்ஸிலிம் எஸ்1-இன் தடிமன் 11.3 மில்லிமீட்டர்தான். திரை 3 அங்குலம் வரை வளர, கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்கு இடமின்றிப் போயிற்று.

பிக்சல் போட்டி இந்தக் காலத்தின் வீண்வேலை என்றே கருதுகிறேன். சுமார் 7.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லில் மேலும் மேலும் பிக்சலைத் திணித்தால் ஒவ்வொன்றின் பங்குக்கும் விழும் ஒளி குறையும். மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகும். அதைத் துடைக்கும் மென்பொருள் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். கேனானே இதை ஒப்புக்கொண்டதுபோல், 14.7 மெகாபிக்சல் ஜி10-ஐ அடுத்து 2009இல் விட்ட ஜி11-இல் 10 மெகாபிக்சலுக்கு இறங்கிவந்தது.

2010இல் உலகளவில் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஏறக்குறைய 12 கோடி. மிகப் பெரும்பாலானவை காம்பாக்ட் எனப்படும் கையடக்க வகை. ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கில் அதுவே உச்சம். சரிவின் விதை 2007இல் விழுந்துவிட்டது. அந்த ஆண்டின் முதல் ஐபோனில் இருந்தது 2 மெகாபிக்சல் கேமரா. தானியங்கிக் குவியம் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, காணொளி எடுக்கவும் வராது. அன்றைய மலிவான காம்பாக்ட்கூட அதைவிட நல்ல படம் தந்தது. ஆனால் 3.5 அங்குலத் திரையும், எடுத்த படத்தை ஊர்விட்டு ஊர் உடனே அனுப்பும் வசதியும் அதில் இருந்தன. கியூவி-10 தன் மட்டமான படங்களோடு வென்ற அதே காரணத்தால் இதுவும் வென்றது. பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவதோடு நின்ற காம்பாக்ட், தொலைவில் இருப்பவருக்குக் காட்டுவதைப் போனிடம் இழந்தது.

2012இல் கோடக் திவால் பாதுகாப்பு கோரியபின் டிஜிட்டல் கேமராவைக் கைவிட்டது. 2018இல் காசியோவே காம்பாக்ட் தொழிலை விட்டு விலகியது. நின்று பிடித்தவை வேறு வழி தேடியவை: 2011இல் கடைக்கு வந்த ஃபூஜி எக்ஸ்100 பெரிய சில்லையும் கண் வைத்துப் பார்க்கும் துளையையும் சேர்த்தே கொண்டிருந்தது, 2012இல் ஓர் அங்குல வகைச் சில்லோடு வந்த சோனி ஆர்எக்ஸ்100, 2014இல் தன் மூன்றாம் பதிப்பில், மேலெழும்பும் மின்னணுக் காட்சித்துளை ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.