அனுப்பியவர் யார்? - லாரியும் பேட்டரியும் சில பழைய சட்டங்களும்

நாமக்கல் என்றதும் பலருக்கு முட்டையும் ஆஞ்சநேயர் கோயிலும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அடுத்தது லாரி. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று இந்தச் சமவெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ்! தென்மாநிலங்களுக்கு காஸ் ஏற்றும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் இருப்பதும் நாமக்கல்லில்தான். சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. நாமக்கல்லுக்கு எப்போது தெரியுமா? 2013-ல், சேலம் - கரூர் பாதை திறந்த பிறகு. அதுவரை இந்த ஊருக்கு எல்லாமே லாரிதான்.

லாரித் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சேலத்து வியாபாரி ஒருவர் மதுரைக் கடைக்காரரிடம் ஆர்டர் வாங்குகிறார். சரக்கு அவரிடம் இல்லை, வேறு ஊர் ஆலையில் இருக்கிறது. அங்கிருந்தே நேராக மதுரைக்கு லோடு ஏற்றச் சொல்வார். ஆனால் லாரி ரசீதில் ஆலையின் பெயர் இருக்காது, வியாபாரியின் பெயர்தான் இருக்கும். ஏன்? ஆலையின் பெயர் தெரிந்தால் அடுத்த முறை மதுரைக்காரர் நேராக ஆலைக்கே போன் போட்டுவிடுவார்! இதைத்தான் ஆங்கிலத்தில் 'பிளைண்ட் ஷிப்பிங்' என்கிறார்கள். ஜவ்வரிசி மூட்டைக்கும் ஜவுளி பேலுக்கும் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மூட்டை கிழிந்தால் கூட்டி அள்ளிக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் பேட்டரி இருந்தால்?

லாரியிலும் இன்வெர்ட்டரிலும் இருக்கிற ஈய பேட்டரிக்குள் கந்தக அமிலம் இருக்கிறது. கவிழ்ந்தால் கொட்டும், கையில் பட்டால் வெந்துவிடும். இரண்டு முனையும் உரசினால் தீப்பொறி. அபாயப் பொருள்களை வகை பிரிக்கும் ஐ.நா. பட்டியல் (முதலில் வந்தது 1956-ல்) அமிலம் நிரப்பிய பேட்டரியை 8-ம் வகுப்பில், அதாவது அரிக்கும் பொருள்களில் சேர்த்து 2794 என்ற எண் கொடுத்திருக்கிறது. செல்போன், லேப்டாப், மின்சார ஸ்கூட்டர்களில் வரும் லித்தியம் அயான் பேட்டரி 9-ம் வகுப்பு. தனியாகப் போனால் எண் 3480. இது ஒருமுறை தீப்பிடித்தால் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை... அணைந்தது போல் இருந்து மறுபடி எரியும்.

உள்ளே என்ன இருக்கிறது, யாரைக் கேட்டால் விவரம் தெரியும் என்ற கேள்வி புதிதல்ல. 1890-ம் வருட ரயில்வே சட்டத்தின் 59-ம் பிரிவே, அபாயகரமான சரக்கைக் கொடுப்பவர் அதன் தன்மையைப் பொட்டலத்தின் வெளியே தெளிவாக எழுத வேண்டும், ரயில்வே ஊழியரிடம் எழுத்து மூலமும் தெரிவிக்க வேண்டும் என்றது. சேலம் ஸ்டேஷனில் பார்சல் போட்டவருக்கு அப்போதே இந்த விதி உண்டு.

சாலைக்கு விரிவான விதிகள் வர வெகு காலம் ஆயிற்று. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989-ல் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் விதிகளும் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வந்தன. இரண்டாவதில் 129 முதல் 137 வரையுள்ள விதிகள் லாரிக்காரர்களுக்கு முக்கியமானவை. சரக்கு அனுப்புபவர் லாரி உரிமையாளருக்கும் டிரைவருக்கும் முழு விவரம் கொடுக்க வேண்டும் (131). அது எழுத்தில் டிரைவர் கேபினிலேயே இருக்க வேண்டும் (133). 134-ம் விதிப்படி வண்டியின் மேல் ஒரு தகவல் பலகை வேண்டும். சரக்கின் சரியான பெயர், ஐ.நா. எண், அவசர உதவிக்கான போன் நம்பர், கூடவே அனுப்புபவரின் அல்லது அந்தப் பொருளைப் பற்றி ஆலோசனை சொல்லத் தெரிந்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும். சின்ன எழுத்தில் எழுதித் தப்பிக்கவும் முடியாது, 50 மில்லிமீட்டர் உயரமாவது வேண்டும்! காஸ் டேங்கரின் பின்னால் போகும்போது கவனித்தால் தெரியும்.

அப்படியானால் இடைத்தரகர் வியாபாரமே கூடாதா? அப்படி இல்லை. வியாபாரி தன் பெயரிலேயே அனுப்பலாம். ஆனால் பெயரோடு பொறுப்பும் அவர் தலையில் வந்துவிடும். சரக்கைக் கண்ணால் பார்க்காதவர் அதைப் பற்றி உறுதிமொழி கொடுக்க வேண்டும். 1865-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் (2011-ல் அமலுக்கு வந்தது) அனுப்புபவரிடமிருந்து எழுத்தில் சரக்குக் குறிப்பு கேட்கிறது.

பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வானத்தில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. விமானிகள் அறை முழுக்கப் புகை. விமானிகள் இருவரும் இறந்தார்கள். உள்ளே ஏராளமான லித்தியம் பேட்டரிகள். அவற்றில் குறைந்தது மூன்று சரக்குகள் அபாயப் பொருள் என்று அறிவித்திருக்க வேண்டியவை, அறிவிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று தடை வந்தது.

பெயர் மறைப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் 2020-ல்தான் வந்தது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு வகையும் ஐ.நா. சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையின் சுருக்க அறிக்கையை, கேட்டால் தயாரிப்பவரும் விநியோகிப்பவரும் காட்ட வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதி. அறிக்கையில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும்! லாரி ரசீதில் மறைத்த பெயர் இங்கே வெளியே வந்துவிடுகிறது. உள்நாட்டிலும் 2018-ல் வந்த இ-வே பில்லில் பில் போடுபவர் வேறு, சரக்கு கிளம்பும் இடம் வேறு என்றால் அதையும் காட்ட வேண்டும்.

இத்தனை காகிதத்தையும் கடைசியில் நடுரோட்டில் வைத்துக்கொண்டு நிற்பவர் டிரைவர். 2019-ல் சரக்கு வாகன டிரைவர்களுக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு நீக்கியது. ஆனால் அபாயப் பொருள் ஏற்றுபவருக்கு 9-ம் விதி அப்படியே இருக்கிறது. மூன்று நாள் பயிற்சி, அதோடு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.