தொழிற்படிப்பு மாணவர்களும் உதவியாளர் பணியும்: அமெரிக்கா செல்லும் தலித் மாணவர்கள் அறிய வேண்டிய விதிகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப்' என்று வழங்கப்படுவது உதவித்தொகை அன்று; வேலை. இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தல், தேர்வுத்தாள் திருத்துதல், பேராசிரியரின் ஆய்வில் துணைநிற்றல், துறை அலுவலகத்தில் பணியாற்றுதல் ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் மேற்கொள்கிறார். வாரத்திற்கு 20 மணி நேரம் என்பது பரவலாக உள்ள அளவு. இதற்கு மாத ஊதியம் உண்டு. பல இடங்களில் கல்விக் கட்டண விலக்கும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து கிடைக்கின்றன. அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாத குடும்பத்திலிருந்து செல்பவருக்கு ஊதியத்தைவிடக் கட்டண விலக்கே பெரிது.

இந்த வாய்ப்பு எல்லாப் படிப்புக்கும் ஒன்றுபோல் திறந்திருப்பதில்லை. முனைவர் பட்டம், ஆய்வேட்டுடன் கூடிய முதுகலை ஆகியவை பெரும்பாலும் 'கிராஜுவேட் ஸ்கூல்' என்னும் பட்டமேற்படிப்புப் பள்ளியின் கீழ் வருகின்றன. சட்டம், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தியல் போன்ற தொழிற்பட்டங்களை அந்தந்தக் கல்லூரிகளே நிர்வகிக்கின்றன. 'பட்டமேற்படிப்புப் பள்ளியில் பதிவு பெற்றவர் மட்டுமே தகுதியுடையவர்' என்று ஒரு பல்கலைக்கழகத்தின் விதி சொன்னால், தொழிற்படிப்பு மாணவர் அந்த ஒரு வரியிலேயே வெளியேற்றப்படுகிறார். பட்டத்தின் பெயரில் 'டாக்டர்' என்று இருப்பதால் பயனில்லை. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரத் துறை 'முதல் தொழிற்பட்டம்' என்ற பழைய வகையைக் கைவிட்டு, 2010-11 முதல் இவற்றை 'தொழில்சார் டாக்டர் பட்டம்' என்று பதிவு செய்கிறது. பெயர் மாறியதால் உதவியாளர் பணிக்கான தகுதி தானாக வந்துவிடவில்லை.

நேரமின்மை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. மருத்துவப் படிப்பைப் பொறுத்தவரை அது உண்மையே. சட்டப் படிப்புக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது: முழுநேரச் சட்ட மாணவர் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தரவிதியை அமெரிக்க வழக்கறிஞர் கழகம் 2014இல் நீக்கிவிட்டது. உண்மையான காரணம் பணம். தொழிற்படிப்புகள் பல்கலைக்கழகத்திற்கு வருவாய் ஈட்டுபவை. வருவாய் தரும் இருக்கைக்குக் கட்டணத்தை விலக்க எந்த நிர்வாகமும் எளிதில் முன்வருவதில்லை.

எம்.பி.ஏ. உள்ளிட்ட தொழில்சார் முதுகலைப் படிப்புகளில் இச்சிக்கல் வேறு வடிவில் வருகிறது. இங்கு மாணவர் பட்டமேற்படிப்புப் பள்ளியில் பதிவு பெற்றிருக்கலாம்; உதவியாளர் பணியும் கிடைக்கலாம்; ஆயினும் கட்டண விலக்கு கிடைக்காது. அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்று. அங்கு 25 முதல் 67 விழுக்காடு வரையிலான பணி நியமனத்துடன் கட்டண விலக்கு வருகிறது; ஆனால் 'தன்நிதி' வகைப் படிப்புகளில் சேர்ந்தோருக்கு அவ்விலக்கு பொருந்தாது. வங்கிக் கடனை நம்பிச் செல்வோர், 'முதல் பருவம் முடிந்ததும் வேலை கிடைத்துவிடும், கட்டணம் குறைந்துவிடும்' என்ற வாய்மொழி ஆறுதலை நம்பிச் சிக்கிக்கொள்வது இவ்விடத்தில்தான்.

விசா விதியும் இதனுடன் சேர்ந்து இறுக்குகிறது. எஃப்-1 விசாவில் உள்ளவர் வகுப்புகள் நடைபெறும் காலத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். உதவியாளர் பணியே அதை நிரப்பிவிட்டால் நூலகத்திலோ உணவகத்திலோ கூடுதலாக உழைத்து ஈடுகட்ட வழியில்லை. ஐ-20 படிவம் பெறும்போதே முதலாண்டுச் செலவுக்கான நிதியைக் காட்டியாக வேண்டும். பின்னர் கிடைக்கக்கூடும் என்ற வேலையை அக்கணக்கில் சேர்க்க முடியாது. மருத்துவத்தையும் முனைவர் பட்டத்தையும் இணைத்துப் படிப்போருக்கு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் தரும் பயிற்சி நிதியோ குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது.

இந்திய ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பெறுவோர் மற்றொரு விதியையும் கவனிக்க வேண்டும். மொத்தமுள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணத்துடன் அமெரிக்காவில் ஆண்டுக்கு 15,400 டாலர் வாழ்க்கைப்படியும் வழங்கப்படுகிறது. இவர்கள் கற்பித்தல், ஆய்வு உதவியாளர் பணியில் ஆண்டுக்கு 2,400 டாலர் வரை ஈட்டிக்கொள்ளலாம். அதைக் கடந்தால் வாழ்க்கைப்படியிலிருந்து கழிக்கப்படும். வசதியுள்ள மாணவரின் ஊதியத்தை எவரும் இப்படி அளந்து பார்ப்பதில்லை. உழைத்துப் பெறும் கூலியையும் சலுகையாகக் கருதும் மனநிலையே இவ்விதியில் வெளிப்படுகிறது.

நிதி நின்றால் படிப்பு நிற்கும் என்பதை அண்ணல் அம்பேத்கரே அனுபவித்தார். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் கொலம்பியா சென்ற அவர், 1916இல் இலண்டனில் பொருளியல் ஆய்வையும் கிரேஸ் இன்னில் சட்டத் தொழிற்படிப்பையும் ஒருசேரத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இரண்டையும் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. சொந்தச் சேமிப்பும் கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் சேர்ந்த பிறகே 1920இல் மீண்டும் செல்ல முடிந்தது.

உதவியாளர் பணியுடன் உரிமையும் வருகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. 2021இல் ஹார்வர்டு மாணவப் பணியாளர் சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பாகுபாடு தடைசெய்யப்பட்ட காரணங்களுள் சாதியும் இடம்பெற்றது. அப்பாதுகாப்பு பணியாளர் என்ற நிலையோடு பிணைந்தது. பணி கிடைக்காதவருக்கு அந்த ஒப்பந்தமும் இல்லை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் தன் கொள்கையிலேயே சாதியைச் சேர்த்தது. ஆனால் மாநிலம் முழுமைக்குமான சட்ட முன்வரைவை 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். ஆய்வு உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் தனிப்பட்ட பேராசிரியரிடம் இருப்பதால், பரிந்துரையும் பழக்கமும் செல்லுபடியாகும் அவ்விடத்தில் எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு மிகத் தேவை.

சேர்க்கையை ஏற்குமுன் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி விடை பெறுவது நல்லது. தாம் பதிவு பெறப்போவது பட்டமேற்படிப்புப் பள்ளியிலா, தொழிற்கல்லூரியிலா? படிப்பு தன்நிதி வகையைச் சேர்ந்ததா? பிற துறைகளில் உதவியாளராகச் சேர அனுமதி உண்டா? சேர்ந்தால் கட்டண விலக்கு முழுமையா, பகுதியா, இல்லவே இல்லையா? விலக்கு உண்டெனில் பல்கலைக்கழகத்தின் இதரக் கட்டணங்களும் அதில் அடங்குமா? இவற்றுக்கான விடை, துறைத் தலைவரின் நல்வாக்காக அன்றி, நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டும். சட்டமும் ஆய்வும் இணைந்த இரட்டைப் பட்டத்தில் சேர்வோர், எந்தெந்த ஆண்டில் எந்தப் பள்ளியின் மாணவராகக் கணக்கிடப்படுவர் என்பதையும் கேட்டறிய வேண்டும். நிதி அதற்கேற்ப மாறும்.