குண்டறை விளம்பரமும் வாய்மையின் அளவுகோலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பொய்யாமையை விளக்க வந்த நம் ஆசிரியர்கள், நடந்ததை மாற்றிச் சொல்வதை மட்டும் பொய் எனக் கொண்டாரல்லர். தவறான நெறியைப் போதித்தல், பிறர் மறையை வெளியிடுதல், பொய்யோலை எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த கருத்தைக் காட்டிக்கொடுத்தல் ஆகிய ஐந்தையும் அவ்விரதத்தின் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. சினம், செருக்கு, மாயம், பற்று என்னும் கஷாயங்களின் வயப்பட்டுப் பிறக்கும் சொல் எதுவோ, அங்கேயே அவர்கள் பார்வை நிற்கிறது. ஆள்வோர் மக்களுக்கு விடுக்கும் அறிக்கைகளை நிறுத்துப் பார்க்க இதனினும் நல்ல துலாக்கோல் இல்லை.

நாஞ்சில் நாட்டு வரலாற்றில் அவ்வாறு நிறுக்கத்தக்க ஓலை ஒன்று உண்டு. கல்குளம் பகுதியிலுள்ள தலக்குளத்தில் 1765-இல் பிறந்த வேலுத்தம்பி, மாவேலிக்கரையில் காரியக்காரராக இருந்தவர். 1799-இல் அரசின் கட்டாய வசூலை எதிர்த்து நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டிச் சென்று புகழ்பெற்றார். பின்னர்த் திருவிதாங்கூரின் தளவாயானார். அவரே 1809 ஜனவரி 11 அன்று கொல்லத்தை அடுத்த குண்டறையில், கும்பினியாரை எதிர்த்து எழுமாறு மக்களுக்கு விளம்பரம் விடுத்தார்.

அதிலுள்ள செய்திகள் ஒரு தரத்தன அல்ல. கும்பினியின் பிடி இறுகியது என்பது மெய். 1805 உடன்படிக்கையால் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலுத்தும் சுமை சிறிய சமஸ்தானத்தின் தலையில் ஏறியது. ரெசிடென்ட் மெக்காலே பாக்கியை விடாது நெருக்கினார். ஆயின் அவ்வுடன்படிக்கை எழுதப்பட்டபோது தளவாயாக இருந்தவரும் வேலுத்தம்பியே. 1804-இல் படைவீரரின் படியைக் குறைக்க முற்பட்டபோது எழுந்த கலகத்தில் அவரைத் தாங்கி நின்றது கும்பினியின் துணையே. இதையும் சேர்த்துப் படிக்காமல் அவ்வோலையைப் படிப்பது பாதி ஓலையைப் படிப்பதாகும்.

இனி நிகழப்போவதாகச் சொன்னவை வேறு வகையின. உப்பு முதலிய யாவும் கும்பினியின் தனியுரிமையாகும். நெல்லுக்கும் தென்னைக்கும் தாங்கொணா வரி வரும். கோயில்களில் சிலுவை நாட்டப்படும். குல ஒழுக்கம் சிதையும் என்றெல்லாம் அது எச்சரித்தது. இவற்றுக்கு வேர் சிறிதும் இல்லையென்று கூறவியலாது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்னும் பாதிரியாருக்கு மெக்காலேயின் ஆதரவு இருந்தது உண்மையே. எனினும் ஒரு பாதிரியார் வந்ததற்கும் கோயிலில் சிலுவை நாட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை அச்சத்தால் நிரப்பியது அவ்விளம்பரம். அண்டை வீட்டாரை ஐயுறச் செய்யும் சொல், எத்துணை நாட்டுப்பற்றிலிருந்து பிறந்தாலும், நம் நூல்களின் கணக்கில் குற்றமே.

காலமும் கருதத்தக்கது. கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது 1808 டிசம்பர் இறுதியில். விளம்பரம் வந்தது இரு வாரம் கழித்து. மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. தொடங்கிவிட்ட போருக்குக் காரணம் அறிவிக்கப்பட்டது.

மறுதரப்பையும் அதே கோலால் நிறுக்க வேண்டும். அமைதியாயிருக்கும் குடிகள் அஞ்ச வேண்டுவதில்லை எனச் சென்னை அரசும் அறிக்கை விடுத்தது. 1809 பிப்ரவரி 10 அன்று கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றிற்று. உதயகிரியும் பத்மநாபபுரமும் அடுத்து வீழ்ந்தன. மண்ணடிக் கோயிலில் உயிர்நீத்த வேலுத்தம்பியின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்று கழுமரத்தில் தொங்கவிட்டனர். அச்செயலைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார்.

கோயில்களில் சிலுவை நாட்டப்படவில்லை. ஆனால் 1811-இல் ரெசிடென்ட் கர்னல் மன்றோ தாமே திவான் பொறுப்பையும் ஏற்றார். 300-க்கும் மேற்பட்ட தேவஸ்வங்களின் நிலங்கள் அரசின் கைக்கு மாறின.