யளனகப: வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் படித்த காலம்

'தமிழ்' என்று எழுத ஜே, கே, பீ, ஓ, செமிகோலன். 'கொழும்பு' என்று எழுத என், எஃப், எச், ஷிஃப்ட் ஓ, கே, செமிகோலன், ஷிஃப்ட் ஜீ. உங்கட வீட்டில் நாற்பதை ஒட்டிய வயதில் ஓர் அண்ணாவோ அக்காவோ இருந்தால் கேட்டுப் பாருங்கோ. வாயால் சொல்ல வராது, ஆனால் மேசையில் விரலை வைத்தால் விரல் தானாகப் போகும். அதுதான் பாமினி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'பேசிக் கொம்பியூட்டர் கோர்ஸ்' படித்த ஒரு தலைமுறை தமிழை இப்படித்தான் திரைக்குக் கொண்டுவந்தது.

அந்த வகுப்புகளைப் பற்றி யாரும் பெரிசாக எழுதினதாகத் தெரியவில்லை. இலங்கையின் கணினி வரலாறு என்றால் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் பெயர் வரும். 1984 இல் கணினிக்கான தேசிய சபை அமைந்தது, 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது, 2000 இல் வெளிவாரி பீ.ஐ.ரி. பட்டம் வந்தது என்று வரும். எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் காலி வீதிக் கடைகளுக்கு மேல்மாடியில் எட்டோ பத்தோ மெஷின்களை வைத்து, ஒரு மெஷினுக்கு இரண்டு பேரை இருத்தி, மூன்று மாதத்தில் வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் படிப்பித்த வகுப்புகள் அந்த வரலாற்றில் வராது. கம்பஸ் கிடைக்காத பிள்ளைக்கும், கம்பஸ் திறக்கும்வரை காத்திருந்த பிள்ளைக்கும் கணினி என்பது அந்த மேல்மாடிதான்.

ஏன் அங்கே அவ்வளவு வகுப்புகள்? சும்மா நாகரிகம் என்று விட்டுவிட ஏலாது. 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட பிள்ளைகள் கொழும்புக்கு வந்துதான் முதன்முதலாக ஒரு மௌஸைக் கையில் பிடித்தார்கள். இருபது வயதில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அம்புக்குறி திரைக்கு வெளியே ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது லேசான காரியமில்லை. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்துகொண்டே கொட்டாஞ்சேனையில் பின்னேர வகுப்புக்குப் போனவர்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பற்றிக் கதைக்க இன்றைக்கும் கனபேருக்கு விருப்பமில்லை. கொழும்பில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் அடுத்த கேள்வி: ஏன் இங்கே நிற்கிறாய்? வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறேன் என்பது ஒரு பதில். வேலை தேடுகிறேன் என்பது பலமில்லாத பதில். கோர்ஸ் படிக்கிறேன் என்பது கொஞ்சம் நல்ல பதில். மாதக்கட்டண ரசீதும் வகுப்பு அட்டையும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. படிப்பு படிப்பாகவும் இருந்தது, நகரத்தில் நிற்பதற்கான நியாயமாகவும் இருந்தது.

அந்த நியாயம் எவ்வளவு மெல்லியது என்று 2007 ஜூன் 7 விடியக்காலை காட்டியது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, பம்பலப்பிட்டி லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, பெரும்பாலானவர்களை வவுனியாவுக்கும் மற்றவர்களைக் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணமில்லாமல் தங்கியிருப்பவர்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தம் தெரிவித்தார். எக்செலில் 'சம்' ஃபோர்முலா போடப் பழகிய இடங்களும் இந்த பஸ்கள் வந்து நின்ற இடங்களும் ஒரே தெருக்கள்.

சரி, வகுப்புக்குள்ளே போவோம். அங்கே முதல் பிரச்சினை மொழி. சேர் தமிழில் கதைப்பார், திரை இங்கிலீசில் கதைக்கும். "ஃபைலுக்குள்ள போங்கோ, சேவ் அஸ் குடுங்கோ, பேரைப் போட்டு ஓகே அமத்துங்கோ." இந்த வசனத்தில் எந்தச் சொல் எந்த மொழி என்று யாரும் பார்ப்பதில்லை, வேலை நடக்கும். ஆனால் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தால் வகுப்பே உறைந்துபோகும். வாசித்து விளங்க முதல் ஓகே-யை அமத்திவிட்டு, செய்த வேலையைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கணினி அறிவு குறைவு என்பதில்லை. பெட்டியில் இருந்தது தமிழாக இருந்திருந்தால் அமத்தியிருக்க மாட்டார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது, திரைக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை.

இரண்டாவது, தமிழில் ரைப் பண்ணுவது. இதற்கு ஒரு ஃபொட்டோக்கொப்பித் தாள் தருவார்கள். ஒவ்வொரு இங்கிலீஷ் விசைக்கும் கீழே ஒரு தமிழ் எழுத்து. நடுவரிசையில் இடது கை ஏ, எஸ், டி, எஃப், ஜீ என்ற இடத்தில் ய, ள, ன, க, ப. ஏன் இந்த ஒழுங்கு? அகரவரிசையும் இல்லை, உச்சரிப்பு ஒற்றுமையும் இல்லை. விடைக்குக் கணினியை விட்டுவிட்டு ரைப்ரைட்டருக்குப் போக வேண்டும்.

ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மலாயாவுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் போனவர். 247 எழுத்தை ஒரு ரைப்ரைட்டரின் சில பத்து விசைக்குள் அடக்குவது எப்படி என்று மண்டையை உடைத்துத் தமிழ் விசைப்பலகையை அமைத்தார். ஜெர்மனியில் செய்த பிஜு என்ற மெஷின் அந்த வரிசையோடு வந்தது. அடித்தாலும் தாள் நகராத விசை என்று ஒன்றை வைத்தார்: முதலில் குறி விழும், அடுத்து எழுத்து விழும், இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்கும். தட்டச்சு வகுப்புகளில் முதல் பாடமே 'யளனகபக' என்று திரும்பத் திரும்ப அடிப்பதுதான், இங்கிலீசில் 'ஏ எஸ் டி எஃப் ஜீ எஃப்' அடிப்பது போல. வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் வருவதற்கு முதலே சோர்ட்ஹேண்டும் ரைப்பிங்கும் படிப்பித்த இடங்கள் இருந்தன. மெஷின் மாறியது, விரல் மாறவில்லை. பாமினியின் வரிசை அந்த ரைப்ரைட்டர் வரிசையைத் தழுவியதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். ரைப்ரைட்டருக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்குதான் ஒழுங்கு. 'கை' என்பதில் முதலில் தெரிவது ை, ஆகவே முதலில் ை, பிறகு க. பாமினியும் அப்படித்தான். அதோடு, பாமினிக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது தமிழ் இல்லை, இங்கிலீஷ் எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ்ப் படம் போட்டிருக்கு, அவ்வளவுதான். 'இலங்கை' என்ற சொல்லே ஒரு காற்புள்ளியில்தான் தொடங்கும், ஏனென்றால் 'இ' இருக்கும் இடம் கமா விசை. வேர்டுக்கு இதெல்லாம் எழுத்துப்பிழை நிறைந்த இங்கிலீசாகத் தெரியும். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு இழுக்கும். அது பரவாயில்லை. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலையையும் அது தானாகவே செய்யும். ஜே பெரிய ஜே ஆனால் 'த' 'து' ஆகிவிடும். 'தமிழ்' என்று தொடங்கிய கட்டுரை 'துமிழ்' என்று நிற்கும். அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிற்பாட்டுவது எப்படி என்பது பாடத்திட்டத்தில் இருக்காது, பக்கத்துக் கதிரையில் இருந்தவர்தான் சொல்லித் தருவார்.

இவ்வளவுக்கும் தமிழ் யுனிகோடுக்குள் 1991 இலேயே போய்விட்டது, இந்தியாவின் இஸ்கி குறியீட்டின் தயவில். சிங்களம் போனது 1999 இல். ஆனால் இலங்கைக்குள் ஒழுங்கு தலைகீழ்: சிங்களக் குறியீட்டுக்கான இலங்கை நியமம் 1996 இல் வந்தது, தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 வந்தது 2008 இல். இடையில் 12 வருஷம். அந்த நியமம் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் ரைப்ரைட்டர் மரபில் வந்ததுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, பழகின விரலை மதித்திருக்கிறார்கள். என் கோபம் அந்த 12 வருஷத்தில். அதற்குள்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் படித்து, சான்றிதழ் வாங்கி, வேலைக்குப் போய், பத்திரிகைகளிலும் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் தமிழில் கோப்புக் கோப்பாக அடித்துக் குவித்தார்கள். எல்லாம் பாமினியிலும் அது போன்ற எழுத்துருக்களிலும்.

யுனிகோடில் அடிக்க ஆசைப்பட்டவர்களுக்கும் வழி நேராக இல்லை. வின்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எக்ஸ்.பி.யில்கூட மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் சரி போட வேண்டும். போட்டவுடனே வின்டோஸ் சீடியைக் கேட்கும். கொப்பி பண்ணின வின்டோஸ் போட்ட வகுப்பில் சீடிக்கு எங்கே போவது? தமிழ் எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகத் தெரிந்த காலம் அது. பாமினியோ ஒரு ஃப்ளொப்பியில் வரும், ஃபொன்ட் ஃபோல்டரில் போட்டால் முடிஞ்சுது.

இன்றைக்கு அந்தக் கோப்புகள் என்ன ஆயின? பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் அர்த்தமில்லாத இங்கிலீஷ். 'கொழும்பு' என்று தேடினால் அகப்படாது. மாற்றலாம். சுரதாவின் மாற்றி இதைக் கனகாலமாகச் செய்துவருகிறது, புலம்பெயர்ந்த தமிழர் பலர் யுனிகோடுக்கு வந்ததே அதன் வழியாகத்தான். மாற்றி என்ன செய்கிறது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்: ை-யையும் க-வையும் இடம் மாற்றுகிறது, 'கொ'-வுக்காக முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிற இரண்டு துண்டுகளை ஒன்றாக்குகிறது. முத்தையாவின் மெஷினுக்காகப் பிரித்ததைத் திரும்ப ஒட்டுகிற வேலை.

ஒரு துண்டு மட்டும் அடிக்கடி ஒட்டாமல் போய்விடுகிறது. ஔகாரக் குறியின் பின்பகுதியும் ள-வும் பார்வைக்கு ஒன்றுதான். ரைப்ரைட்டர் பழக்கத்தில் 'கௌ' என்பதற்கு என், எஃப், எஸ் என்று அடிப்பார்கள், அதாவது ெ, க, ள. நடுவரிசையின் இரண்டாவது எழுத்து. அப்படி அடித்தது யுனிகோடுக்கு வரும்போது 'கௌரவம்' 'கெளரவம்' ஆகி, 'பௌத்தம்' 'பெளத்தம்' ஆகி, ள-வோடு நிற்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். பழைய தமிழ்ச் செய்தியில் பௌர்ணமியைத் தேடுவதென்றால் இரண்டு விதமாகவும் அடித்துத் தேடுங்கோ.