நகைச்சுவை மேடையில் பெண்

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தை ஒட்டிய எல்லைப்புற ஊர்களில் பாரதக் கூத்து நிகழுங்கால், திரௌபதியாக வந்து சபதம் உரைப்பவர் ஓர் ஆடவரே. நேயர்களுள் பலர் இதனைக் கண்டிருப்பர். பண்டைக் கிரேக்க மேடையிலும் இவ்வழக்கமே நிலவிற்று. கி.மு. 411-இல் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றிய ‘லைசிஸ்டிராட்டா’வில் பெண்கள் ஒன்றுகூடித் தத்தம் கணவரை அணுகவிடாது போரையே நிறுத்துகின்றனர். அப்பெண்களாகப் பேசி நடித்தவரோ ஆண்கள். மக்களவையில் வாக்கற்ற ஏதென்சு நகரத்துப் பெண் நாட்டைத் திருத்துகிறாள் என்பதே அங்கு முதல் வேடிக்கை.

காஞ்சியில் எழுந்த சிரிப்பு வேறு வகையினது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவிலேயே நடைபெறுகிறது. இளையாளைக் கொண்டுவிட்ட சூத்திரதாரன், சினந்திருக்கும் மூத்த மனைவியாகிய நடியைத் தேற்றுவதோடு நாடகம் தொடங்குகிறது.

காபாலிகன் சத்தியசோமனும் துணைவி தேவசோமையும் கள்ளுண்டு களித்தவர்கள். மயக்கத்தில் அவன் அவளைச் ‘சோமதேவை’ என்று அழைத்துவிடுகிறான். யார் அந்தச் சோமதேவை என்று இவள் பொங்குகிறாள். குடியால் வந்த பிழை, இனிக் குடியேன் என்கிறான் அவன். உடனே அவள் பதறி, தன்பொருட்டுத் தவம் கெடலாகாது என்று அவன் காலில் விழுகிறாள்! குடியே தவமாகிவிட்ட கோலத்தை இதனினும் சுருக்கமாக யார் காட்டிவிட முடியும்?

பின்னர்க் கபாலம் தொலைகிறது. பௌத்த பிக்கு நாகசேனன்மேல் ஐயம் விழுகிறது. அவன் தலைமயிரைப் பற்றப் பாய்ந்த தேவசோமை, மழித்த தலையில் பிடி கிட்டாமல் கீழே விழுகிறாள். பிக்கு கைகொடுத்துத் தூக்க, என் மனைவியைப் பாணிக்கிரகணம் செய்கிறான் என்று காபாலிகன் கூக்குரலிடுகிறான். விழுந்தவள் பெண்; ஆயினும் நகைக்கப்படுவது ஆடவரின் துறவே என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. காபாலிகன் பேசுவது சமஸ்கிருதம். தேவசோமைக்குப் பிராகிருதமே விதிக்கப்பட்டது. தமிழாக்கினால் இவ்வேற்றுமை மறைந்துவிடும். மொழிபெயர்ப்பாளனுக்கு அது ஓர் இடர்ப்பாடு.

மாமண்டூர்க் கல்வெட்டு இந்நாடகத்தோடு ‘பகவதஜ்ஜுக’த்தையும் குறிக்கிறது. அதில் பாம்பு தீண்டி இறந்த கணிகை வசந்தசேனையின் உடலுள் ஒரு துறவி புகுகிறார். எமதூதனோ அவளுயிரைத் துறவியின் உடலில் இட்டுவிடுகிறான். கணிகை வடிவம், தீண்டாதே என்று ஆசாரம் பேசுகிறது. துறவி வடிவம் காதலனை அணைக்க அழைக்கிறது.