தீப்பெட்டி ஆபீஸ்

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்லிக் கேட்பது அரிது. ஓலைக் கொட்டகையானாலும் அது ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் கம்பும் பொய்த்த ஆண்டுகளில் கஞ்சி ஊற்றியது அந்த ஆபீஸ். அதன் வரலாற்றை நாம் பெரும்பாலும் 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரோடு நிறுத்திக்கொள்கிறோம். விம்கோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே 1922இல் தீப்பெட்டிக்கான இறக்குமதி வரி உயர்ந்தது. உலகச் சந்தையை வளைத்துக்கொண்டிருந்த சுவீடன் நிறுவனம், வரியைத் தவிர்க்க 1923இல் விம்கோவை இங்கேயே தொடங்கியது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, துப்ரி, சென்னையில் திருவொற்றியூர் என எந்திர ஆலைகள் எழுந்தன. சுதந்திரத்திற்குப் பின் எந்திரத் தீப்பெட்டிக்குக் கூடுதலாகவும் கைத்தீப்பெட்டிக்குக் குறைவாகவும் கலால் வரி விதிக்கப்பட்டது. கரிசல் பெண்களும், வெட்கத்தோடு சொல்ல வேண்டும், பிள்ளைகளும் எண்ணிக்கைக் கூலிக்குக் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். (பூமணியின் ‘கருவேலம்பூக்கள்’ படம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.) எந்திரத்தைக் கை வென்றது என்று பெருமை பேசுவோர் உண்டு. என்ன கூலிக்கு வென்றது என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

விம்கோ தளர்ந்தது. 1990களின் இறுதியில் துப்ரி ஆலை மூடப்பட்டது. 2005இல் சுவீடன்காரர்கள் தம் பங்குகளை ஐ.டி.சி. குழுமத்திடம் விற்று வெளியேறினார்கள். தென்மாவட்டச் சிற்றாலைகளில் தீப்பெட்டி வாங்கித் தன் பெயரில் விற்றுவந்த நிறுவனம் அது! கைமாறிய பின் பரேலி ஆலையும் மூடப்பட்டது. இன்று சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் என்றொரு நிலையம் இருக்கிறது.

ஆனாலும் அந்த ஆலைத் தொழிலாளியின் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தைக் காட்டி அவர் இழப்பீடு கேட்க முடிந்தது. கரிசலுக்கு எந்திரம் வந்தபோது குச்சி அடுக்கிய பெண்களில் மிகப் பலருக்கு வேலை நீக்க உத்தரவு என்று ஒன்று கிடையாது. வேலையில் சேர்த்த உத்தரவும் இருந்ததில்லை. இங்கே முதலாளி மாறவில்லை. ஆகவே ஆட்குறைப்பு என்ற சொல்லும் எழவில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், எந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று பழைய வேறுபாடு தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்றாக்கினார்கள்.